பரோனுக்கு வரன்

பிப்ரவரி 3, திங்கள்

பார்லருக்கு விடுமுறை. ஊரில் முடிவெட்டுகிறவர்கள் எல்லாரும் திங்கட்கிழமை மட்டும்தான் மனிதர்களாக இருப்போம். நான் இன்றைக்கு நோயாளியாக இருந்தேன்.

அலர்ஜி சோதனைக்காக டாக்டர் லாங்கே என் கையில் பேனாவால் பன்னிரண்டு எண்களை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொட்டு விட்டு, ஊசியால் லேசாகக் கீறினார். கால் மணி நேரத்தில் ஒன்பதாம் எண் மட்டும் பட்டாணி மாதிரி எழுந்து நின்றது.

"ஒன்பது என்னது?"

"முயல் முடி."

"ப்ளீச் பவுடரா இருக்கும்னு நெனச்சேன். முப்பது வருஷமா அதத்தானே மோந்துகிட்டு இருக்கேன்."

"அதுவும்தான். ரெண்டும் சேந்துதான் இப்படி மூச்சு இளைக்குது. ரெண்டு முடியில ஒண்ண விட்டாகணும், ரோஸி. ஒண்ணு உங்களுக்குச் சோறு போடுது. இன்னொண்ணு..."

"இன்னொண்ணுக்கு நான் சோறு போடுறேன்."

அவர் சிரிக்கவில்லை. மாதம் தவறாமல் அவருடைய நரையை ஊரிலிருந்து மறைத்து வைப்பவள் நான். மரியாதைக்காவது ஒரு சிரிப்பு சிரித்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தால் பரோன் கூடத்தில் கண்ணாடியை ஒட்டிப் படுத்திருந்தான். ஐந்து வயது அங்கோரா முயல். காது நுனியில்கூடக் குஞ்சம். பழைய காலத்து நீதிபதியின் விக்குக்குக் காது முளைத்து, அது தானாகவே நடந்து வந்து உட்கார்ந்ததுபோல இருப்பான். நவம்பரில் அவன் ஜோடி மில்லி செத்துப்போனாள். அதற்குப் பிறகு பார்லரிலிருந்து ஒரு பழைய கண்ணாடியைக் கொண்டுவந்து தரையில் சாய்த்து வைத்தேன். அதில் தெரிகிற முயலோடு ஒட்டிக்கொண்டு தூங்குகிறான். அது குளிராக இருக்கிறதே என்று ஒருநாளும் அவன் கேட்டதில்லை.

புருஷன் ஒட்மார் என்னை விட்டுப் போன வருஷம் வாங்கிய ஜோடி அது. ஒரு ஆள் போன இடத்தில் இரண்டு பேரை வைத்தேன். லாபம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

பிப்ரவரி 4

பரோனிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

பார்லர் கண்ணாடியின் ஓரத்தில் விளம்பரம் ஒட்டியாயிற்று. இணையத்திலும் போட்டாயிற்று. 'நீளமுடி ஆண் முயல், கருத்தடை ஆபரேஷன் ஆனது, நல்ல குணம், கொஞ்சம் கர்வம்.' கீழே நிபந்தனைகள். வீட்டில் ஏற்கனவே ஒரு முயல் இருக்கவேண்டும், தனி முயலாக வைக்கக்கூடாது. கூண்டில் அடைக்கக்கூடாது. தினமும் சீவவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடி வெட்டவேண்டும். கொடுப்பதற்கு முன் வீட்டை நேரில் வந்து பார்ப்பேன், மூன்று மாதம் கழித்து மறுபடி வருவேன். இந்தக் கடைசி நிபந்தனை மிருகக் காப்பகத்தார் வழக்கம். அவர்களுடைய படிவத்தையே வாங்கி வந்துவிட்டேன், கட்டம் கட்டமாக டிக் போடலாம்.

வெள்ளிக்கிழமை வாடிக்கை க்னாப் அம்மாள் தலையில் ரோலர்களோடு அதைப் படித்தாள்.

"ரோஸி, மருமகன் தேடுறியா, முயலுக்கு இடம் தேடுறியா?"

"மருமகன்னா இவ்வளவு விசாரிக்க மாட்டேன்."

"ஈஸ்டர் வருது பாரு. எங்க வீட்டுக்காரர் இருந்தப்போ முயலுக்குக் கடுகு தடவி, குழம்பு நிறைய விட்டு..."

"க்னாப் அம்மா, ஹீட்டர் சூட்டக் கொஞ்சம் கூட்டட்டுமா?"

வாயை மூடிக்கொண்டாள். தலை காயவைக்கிற ஹீட்டருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மனிதர்கள் எப்போதும் நல்லவர்கள்.

பிப்ரவரி 12

ஏழு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் பாம்பு வளர்க்கிறவர், நேர்மையாகச் சொல்லிவிட்டார். ஒருத்திக்கு முடி மட்டும் வேண்டுமாம், பின்னுவதற்கு. 'மற்றது உங்களிடமே இருக்கட்டும்' என்று எழுதியிருந்தாள்.

பிறகு பார்லர் முகவரிக்கு ஒரு கடிதம். காகிதத்தில், பேனாவால். இந்தக் காலத்தில் பேனாவால் எழுதுகிறவர்கள் இரண்டே வகை, சாவுச் செய்தி சொல்கிறவர்கள், மன்னிப்புக் கேட்கிறவர்கள்.

'நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் யாரென்று எனக்கும் தெரியும். எங்களிடம் ஹில்டே என்று ஒரு நீளமுடிப் பெண் முயல் இருக்கிறாள். டிசம்பரிலிருந்து தனியாக இருக்கிறாள். உங்கள் நிபந்தனைகளைப் படித்தேன். எல்லாம் எங்களுக்குப் பொருந்துகின்றன. நீங்கள் வந்து பார்க்கலாம். மார்லீஸ் வெண்டல்.'

மார்லீஸ் வெண்டல். பல் டாக்டர் கிளினிக் வரவேற்பறைக்காரி. இருபத்திரண்டு வருஷம் என்னோடு இருந்த ஒட்மார், ஒரு கடைவாய்ப் பல்லுக்குப் போய் மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு போன இடம்.

புருஷன் போதாதாம், முயலும் வேண்டுமாம்! என்ன தைரியம். என்ன தைரியம் இவளுக்கு!

கடிதத்தைக் கொண்டை ஊசி டப்பாவுக்கு அடியில் போட்டு டிராயரை மூடினேன். கிழிக்கவில்லை. ஏன் கிழிக்கவில்லை?

பிப்ரவரி 16, ஞாயிறு

முதல் வீடு. மலைச்சரிவில் புது வீடு, வெள்ளைச் சோபா, வெள்ளைக் கம்பளம், வெள்ளைப் பல் வைத்த தம்பதி. சரியாக மூன்று மணிக்குக் காப்பி. ஆப்பிள் கேக், மேலே அடித்த கிரீம்.

"நிறம் அப்படியே பொருந்துது பாத்தீங்களா?" என்றாள் அந்தப் பெண், பரோனின் போட்டோவைச் சோபாவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு.

இன்னொரு முயல் எங்கே என்று கேட்டேன்.

"இன்னொண்ணு எதுக்கு? நாங்க எப்பவும் வீட்லதானே இருக்கோம்."

"நீங்க அவன் காத நக்கி விடுவீங்களா?"

கணவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. முயலுக்கு முயல் செய்கிற வேலை அது, மனிதர் எவ்வளவு அன்பாக இருந்தாலும் நடக்காது. படிவத்தில் முதல் கட்டத்திலேயே பெருக்கல் குறி. ஆனால் அதைச் சொல்வதற்குமுன் இரண்டாவது துண்டு கேக்கையும் சாப்பிட்டு முடித்தேன். எனக்கென்று ஒரு ஒழுக்கம் இருக்கிறது, கிரீமுக்கு முன்னால் மட்டும் அது நிற்பதில்லை.

பிப்ரவரி 22, சனி

ஒய்கன் எங்கள் ஊர் முயல் வளர்ப்போர் சங்கத்துச் செயலாளர். தோட்டத்தின் பின்னால் பதினான்கு முயல்கள், இரண்டு அடுக்கு மரப்பெட்டிகளில். அவ்வளவு சுத்தம். ஒவ்வொரு கதவிலும் சின்னப் பலகையில் பெயர், பிறந்த தேதி.

"சண்ட இல்ல, சச்சரவு இல்ல. இங்க ஒவ்வொருத்தருக்கும் தனி வீடு," என்றார் பெருமையாக. பரோனின் எடையையும் கேட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவர் எல்லாரையும் எடை போடுகிறவர். என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

நான் அந்தப் பெட்டிகளின் முன்னால் நெடுநேரம் நின்றேன். சுத்தம். அமைதி. கதவுக்கொரு பெயர்ப்பலகை. உள்ளே ஒவ்வொருவரும் பலகைச் சுவரைப் பார்த்தபடி. பக்கத்து அறையில் யார் மெல்லுகிறார்கள் என்று காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு.

எங்கள் குடியிருப்பு இதே மாதிரிதான். வாசலில் அழைப்பு மணிப்பலகையில் பதினான்கு பெயர்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் கீழ்வீட்டு பைஃப்லேவின் சீட்டு கதவில் செருகியிருந்தது. 'தங்கள் முயல் இன்று மதியம் ஓய்வு நேரத்தில் இரண்டு தடவை தரையைக் காலால் உதைத்தது. 13.10 மற்றும் 13.40.' மனிதர் தூங்கவில்லை, குறித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பிப்ரவரி 28, வெள்ளி

க்னாப் அம்மாளைக் கொண்டை ஊசி எடுக்கச் சொன்னேன். டிராயரில் கையை விட்டவள் கடிதத்தோடு வெளியே வந்தாள். எழுபத்தெட்டு வயதில் கண்ணாடி போடாமல் மற்றவர்கள் கடிதத்தை மட்டும் படிக்கத் தெரிகிறது.

"ஊர் ஊராப் போய்க் கேக் தின்னுட்டு வர்றே. பொருத்தமான இடம் உள்ளங்கையில இருக்கு."

"அந்த இடமா? நான் செத்தாலும்..."

"சாவ வேண்டாம், இருமாம இருந்தாப் போதும். நான் வந்ததிலேர்ந்து எத்தன தடவ அந்த இன்ஹேலர எடுத்தே?"

"எண்ணல."

"நான் எண்ணினேன். ஏழு."

இந்த ஊரில் எல்லாரும் எண்ணுகிறார்கள்.

மார்ச் 1

பரோனைச் சீவிக்கொண்டே யோசித்தேன். முகமூடி போட்டுக்கொண்டுதான் இப்போதெல்லாம் சீவுகிறேன். கொள்ளைக்காரி மாதிரி. அவன் என் கையை இரண்டு தடவை நக்கினான், பிறகு எழுந்து கண்ணாடிக்குப் போய் அதையும் நக்கினான். கண்ணாடிக்குக் கூடுதல் நேரம்.

அவள் வீடு பொருந்தாது என்பதற்கு ஒரு காரணம், ஒரே ஒரு நல்ல காரணம் வேண்டும். நேரில் போனால் கிடைக்கும். படிவத்தில் பதினெட்டுக் கட்டம் இருக்கிறது. எங்காவது ஒன்றில் மாட்டாமலா போவார்கள்?

மார்ச் 8, சனி

ரயிலில் இருபது நிமிடம். நாலு வருஷமாக அந்த ஸ்டேஷனில் இறங்காமல் வாழ்ந்தவள், இன்றைக்கு லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

மணிப்பலகையில் 'வெண்டல் / ஷ்டோல்'. ஷ்டோல் என் பெயரும்தானே. விவாகரத்தில் எல்லாவற்றையும் பிரித்தோம், பெயரை மட்டும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பார்லர் பலகையில் அதுதான் இருக்கிறது. இன்னொருத்தி வீட்டு மணியில் என் பெயரை நானே அழுத்தினேன்.

இரண்டாம் மாடிப் படிக்கட்டில் வாளியும் துடைக்கிற துணியுமாக ஒட்மார். முட்டிவரை பேன்ட்டை மடித்திருந்தான்.

"ரோஸி."

"நீயா தொடைக்கிறே?"

"இந்த வாரம் படி தொடைக்கிறது எங்க முறை."

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு வாரம்கூட உன் முறை வரலியே."

அவன் துணியைப் பிழிந்தான். பிழிந்ததையே மறுபடி பிழிந்தான். "படி ஈரமா இருக்கு. பாத்து வா," என்றான்.

மார்லீஸ் வாசலில் நின்றாள். நான் நினைத்ததைவிடக் குள்ளம். முடிக்குச் சாயம் வீட்டிலேயே போட்டிருக்கிறாள், பின்தலையில் திட்டுத் திட்டாக. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தேவாலயத்துக்குப் போகிறவளாக இருந்தால் பாவமன்னிப்புக் கேட்டிருப்பேன்.

மேசையில் ஒன்றுமில்லை. காப்பிகூட இல்லை.

"கேக் வெச்சா லஞ்சம்னு நெனச்சுடுவீங்களோன்னு வெக்கல," என்றாள்.

படிவத்தை எடுத்தேன். அலமாரியைத் திறந்து பார்த்தேன், படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை. உலர்புல் நல்லது. மின்சார ஒயர்களுக்கு உறை போட்டிருந்தது. பால்கனிக்கு வலை. சீப்பு நான் வைத்திருக்கிறதைவிட உசத்தி. கூண்டே கிடையாது, ஒரு முழு அறை. அதன் தரையில் உலர்புல்லைப் பெருக்கி அள்ளுகிற ஆள் ஒட்மாராம். எங்கள் வீட்டில் ஒரு பூனை வேண்டும் என்று எத்தனை வருஷம் கேட்டேன்! 'முடி கொட்டும்' என்றான். அவனுக்குப் பிடிக்காதது முடியில்லை போலிருக்கிறது.

டிக். டிக். டிக். கை வலித்தது.

அந்த அறையின் மூலையில் ஹில்டே. சாம்பல் நிறம், கண்ணை மறைக்கிற முடி. சுவரோரம் தரையில் ஒரு கண்ணாடி சாய்த்து வைத்திருந்தது. அதோடு ஒட்டிப் படுத்திருந்தாள்.

"யாரோ சொன்னாங்க, துணைக்கு ஆகும்னு," என்றாள் மார்லீஸ், தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள்போல. "முட்டாள்தனம்தான், தெரியும்."

என்னிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை. இருமல் வந்தது, நல்லவேளை. இருமுகிறவள் பேசவேண்டியதில்லை.

மார்ச் 9

படிவத்தை மூன்று தடவை படித்தேன். 'மற்ற குறைகள்' என்ற கட்டத்தில் 'வீட்டுக்காரர்' என்று எழுதி அடித்தேன்.

அவளுக்குப் போன் செய்துவிட்டேன். "பதினேழாம் தேதி, திங்கட்கிழமை. என் பார்லர்ல. ரெண்டு முயலுக்கும் பழகாத இடமா இருந்தாத்தான் சண்ட கொறையும்."

"தெரியும். பொது இடம் வேணும்," என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

பரோனுக்கு முடி வெட்டினேன். சண்டையில் பிடித்து இழுக்க நீளமுடி இருக்கக்கூடாது. வெட்ட வெட்ட விக் போய்விட்டது, உள்ளே இவ்வளவு சின்ன உடம்பு. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

மார்ச் 17, திங்கள்

நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, தரையில் பழைய துண்டுகளை விரித்தோம். காலை ஒன்பதுக்கு இரண்டு கூடைகளையும் திறந்தோம். நான் முகமூடியோடு ஒரு மூலை, அவள் எதிர் மூலை. ரத்தம் வந்தால் தவிர யாரும் குறுக்கே போகக்கூடாது, அதுதான் விதி.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரேயடியாக உருண்டன. வெள்ளையும் சாம்பலுமாக முடி பறந்தது.

"உங்க பரோன்தான் ஆரம்பிச்சான்!"

"உங்க ஹில்டேதான் மொறச்சா!"

"அவ மொறைக்கல, முடி மறைக்குது!"

"அப்போ வெட்டி விட்டிருக்கணும்! நிபந்தனையில போட்டிருந்தேனே!"

இரண்டு முயல்களும் நின்று எங்களைப் பார்த்தன. பிறகு அவை தங்கள் வேலையைத் தொடர்ந்தன, நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

பதினொன்றரைக்கு அவள் பையிலிருந்து உப்பு தூவிய பிரெட்செல் ரொட்டி ஒன்றை எடுத்தாள். பாதியாகப் பிய்த்து, தரையில் தள்ளி விட்டாள். நடுவில் முயல்கள் இருந்ததால் கையில் கொடுக்க முடியாது.

"ரொம்ப நாளா உங்களப் பாத்தா பயம் எனக்கு," என்றாள்.

"நான் ரொம்ப நாளா உங்களத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"தெரியும். க்னாப் அம்மாவோட தங்கச்சி எங்க டாக்டர்கிட்டதான் பல்லுக்கு வர்றாங்க."

இந்த மாவட்டத்தில் ரகசியம் என்று எதுவும் கிடையாது, தாமதம் மட்டும்தான் உண்டு. முகமூடிக்குள் சிரித்தேன். பிறகு நாலு வருஷமாகக் கேட்கத் துடித்ததைக் கேட்டுவிட்டேன்.

"இன்னும் பேப்பரச் சத்தமா படிக்கிறானா?"

"சாவு அறிவிப்பு மட்டும்."

"எங்கிட்டயும் அது மட்டும்தான்."

அவள் பிரெட்செல்லின் உப்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். "அதுக்கப்புறம் ஒண்ணும் பேச மாட்டார். நான்தான் ஹில்டேகூடப் பேசிகிட்டு இருப்பேன்," என்றாள்.

வெற்றி பெற்றவளாக உணரவேண்டிய இடம் இது. நாலு வருஷமாக இந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தவள் நான். அந்த வெற்றி உணர்ச்சி வரவில்லை. அவள் பின்தலையின் திட்டுகள்தான் கண்ணில் பட்டன. கண்ணாடியில் பார்த்துத் தானே போட்டுக்கொண்டால் பின்பக்கம் அப்படித்தான் ஆகும். போட்டுவிட வீட்டில் ஆள் வேண்டும்.

மூன்றரை மணிக்கு ஹில்டே தலையைத் தரையில் வைத்தாள். பரோன் நெடுநேரம் யோசித்தான், கர்வம் பிடித்தவன். பிறகு அவள் காதை நக்கினான். ஒரு காதை முடித்து மறு காதுக்குப் போனான். பிறகு இரண்டும் ஒட்டிப் படுத்துக்கொண்டன. பார்லரில் மூன்று பக்கமும் கண்ணாடி. ஒன்றையும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம். ரோஸ்வித்தா ஷ்டோல். மார்லீஸ் வெண்டல். ஒரே கூடையில் இரண்டையும் வைத்து எடுத்துப்போனாள். பிரிக்கக்கூடாது, பிரித்தால் மறுபடி முதலிலிருந்து.

துண்டுகளை மடித்தேன். தரையைக் கூட்டினேன். வாழ்நாள் முழுக்க முடி கூட்டுகிறேன், இன்றைக்குத்தான் முறத்தை எங்கே கவிழ்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

மார்ச் 18

கடையில் கேரட் தழை கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 29

மூச்சு நன்றாக வருகிறது. மூன்று மாடி நிற்காமல் ஏறினேன். யாரிடம் காட்டுவது?

ஏப்ரல் 5, சனி

பைஃப்லேவின் சீட்டு. இப்போது என்ன குற்றமோ என்று எடுத்துப் பார்த்தேன். 'கடந்த மூன்று வாரங்களாகத் தங்கள் வீட்டிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. உடல்நலம்தானே?'

மதியம் 13.10-க்குக் காலால் தரையை இரண்டு தடவை உதைத்தேன். கீழேயிருந்து, கொஞ்சம் தாமதமாக, கூரையை இரண்டு தடவை தட்டுகிற சத்தம்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

வாடிக்கையாளர்கள் கொடுத்த சாக்லெட் முயல்கள் பதினொன்று. எல்லாம் தனித்தனி டப்பாவில். பிரித்து வெளியே எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தினேன். பிறகு தின்றேன். நான் அப்படித்தான்.

தரையில் கண்ணாடி இன்னும் இருக்கிறது. நடந்து போனால் என் கால்கள் மட்டும் தெரிகின்றன.

ஜூன் 16, திங்கள்

மூன்று மாதச் சோதனை. கத்தரி, சீப்பு, முகமூடி, ஏப்ரன், படிவத்தின் கடைசிப் பக்கம். படிக்கட்டில் இந்தத் தடவை வாளி இல்லை. ஒட்மார் வேலைக்குப் போயிருந்தான், அல்லது எங்காவது போயிருக்கச் சொல்லியிருப்பாள் மார்லீஸ்.

பரோன் கதவுப் பக்கம் வந்தான். மறுபடி விக் முளைத்துவிட்டது. என் கையை மோந்தான். நான் மண்டியிட்டுக் காத்திருந்தேன், ஐம்பத்து மூன்று வயதுக் கிழவி, முகமூடிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு. அவன் இன்னொரு தடவை மோந்தான். பிறகு திரும்பி ஹில்டேயிடம் போய் அவளோடு ஒட்டிப் படுத்துக்கொண்டான்.

"கோச்சுக்காதீங்க. இன்னைக்கு வெயில் ஜாஸ்தி, அதான்," என்றாள் மார்லீஸ் அவசரமாக.

"கோபம் இல்ல. இதப் பாக்கத்தான் வந்தேன்."

அறையில் அந்தக் கண்ணாடி இல்லை. போகிற வழியில் கூடத்தில் பார்த்தேன், கோட் மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில் மாட்டியிருந்தது.

இரண்டுக்கும் முடி வெட்டினேன். பிறகு கத்தரியைக் கழுவிவிட்டு, ஒரு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, "நீங்களும் உக்காருங்க. அந்தப் பின்தலைய என்னால பாத்துகிட்டு இருக்க முடியல," என்றேன். அவள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சினாள். கழுத்துக்குப் பின்னால் நிற்கிறவள் எதையும் பார்க்கவேண்டியதில்லை, இந்தத் தொழிலின் வசதி அது.

படிவத்தில் கடைசிக் கட்டம்: 'விலங்கு புதிய இடத்தில் பொருந்திவிட்டதா?' ரயிலில் வரும்போது டிக் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தரையிலிருந்த கண்ணாடியைத் தூக்கி, ஆணி அடித்து, முகத்துக்கு நேராக மாட்டினேன். சுத்தியல் சத்தத்துக்குக் கீழேயிருந்து இரண்டு தட்டல் வந்தது. கண்ணாடியில், கழற்றாமலே ரயிலேறி வந்த என் கறுப்பு ஏப்ரன், மார்பிலிருந்து முழங்கால்வரை வெள்ளையும் சாம்பலுமாக முடி. இப்போதே மூச்சு இளைக்கிறது. இதைக் கழற்றி உதறி, துவைக்கப் போடவேண்டும்.

நாளைக்கு.